எண்ணெய்க்குள் ஓர் எலெக்ட்ரான்

செம்பு மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. இது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அறிந்த செய்தி என்பதாலேயே இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் மின்கடத்தாப் பொருள்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எண்ணெயில் இருக்கிற எலெக்ட்ரான்கள் நகராது என்கிறீர்கள், சரி. வெளியிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கொண்டுபோய் உள்ளே விட்டால் அது என்ன ஆகும்?" என்று கேட்டார். கேள்வி சிறியது, விடையோ ஒரு மணி நேர வகுப்பில் அடங்குவதன்று. ஆகவே அதனை ஆண்டு மலரின் பக்கங்களுக்குக் கொண்டுவந்துள்ளேன்.

முதலில் எந்த எண்ணெய் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரண்டே தனிமங்களால் ஆன சேர்மங்கள் ஹைட்ரோகார்பன்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், மெழுகு ஆகியவை இவ்வினத்தின் கலவைகள். நம் வீட்டு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் இதில் சேரா. அவற்றில் ஆக்சிஜனும் உண்டு. நம் பகுதியில் ஹைட்ரோகார்பன் திரவம் மின்சாரத்தோடு நேருக்கு நேர் நிற்கும் இடம் டிரான்ஸ்பார்மர். முல்லைப் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே வந்து பெருங்குழாய்களில் இறங்கி, லோயர்கேம்பில் 1958 முதல் மின்சாரமாகிறது. தொடக்கத்தில் அமைந்தவை 35 மெகாவாட் எந்திரங்கள் நான்கு. பின்னர் அவற்றின் திறன் கூட்டப்பட்டது. அந்த மின்சாரத்தின் அழுத்தத்தை உயர்த்தி அனுப்புவதற்கும், கம்பம், சின்னமனூர்த் தோட்டங்களின் மோட்டார்களுக்கு ஏற்பத் தாழ்த்துவதற்கும், ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றுவதற்கும் டிரான்ஸ்பார்மர்கள் வேண்டும். சாலையோரத்தில் இரட்டைக் கம்பத்தில் நிற்கும் சாதாரண டிரான்ஸ்பார்மருக்குள் 11,000 அல்லது 22,000 வோல்ட் அழுத்தமுள்ள செம்பு அல்லது அலுமினியச் சுருளுக்கும், தரையோடு இணைந்த இரும்புத் தொட்டிக்கும் இடையே இருப்பது சில விரற்கடை எண்ணெயும் அதில் ஊறிய காகிதமுமே. எண்ணெய்க்குள் எலெக்ட்ரான் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஆகவே நமக்குத் தொலைதூரச் செய்தியன்று.

உலோகத்தில் எலெக்ட்ரான்கள் பல பொதுச்சொத்து. எந்த அணுவுக்கும் கட்டுப்படாதவை. ஹைட்ரோகார்பனில் அப்படி இல்லை. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஏதேனும் ஒரு பிணைப்பில் இணையாக அமர்ந்திருக்கும். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகும் பேருந்தில் இருக்கை எல்லாம் நிரம்பியிருப்பது போன்ற நிலை. இந்நிலையில் வெளியிலிருந்து ஏறும் எலெக்ட்ரானையே மிகை எலெக்ட்ரான் என்கிறோம். அதற்கு உட்கார இடமில்லை. ஒரு சாதாரண ஹெக்சேன் மூலக்கூறு மிகை எலெக்ட்ரானை ஏற்றுக்கொண்டு நிலையான எதிர்மின் அயனியாக மாறுவதில்லை. இடமில்லாதவர் பேருந்துக்குள் நடமாட முடியுமா என்பதுதான் கேள்வி.

வேறு திரவங்களில் இக்கேள்விக்கு விடை முன்பே கிடைத்திருந்தது. திரவ அம்மோனியாவில் சோடியத்தைக் கரைத்தால் அழகிய நீல நிறம் தோன்றும் என்பதை வைல் என்னும் ஜெர்மானியர் 1864இல் வெளியிட்டார். அந்த நீலம் அம்மோனியா மூலக்கூறுகளால் சூழப்பட்ட எலெக்ட்ரானின் நிறம். நீருக்குள்ளும் இத்தகைய எலெக்ட்ரான் கணநேரம் வாழ்கிறது என்பதை 1962இல் ஹார்ட், போக் என்னும் இருவர் காட்டினர். அம்மோனியாவும் நீரும் முனைவுள்ள மூலக்கூறுகள். நேர்மின் முனைகளை உள்நோக்கித் திருப்பி எலெக்ட்ரானைச் சுற்றி வேலி கட்டிவிடும். ஹைட்ரோகார்பனில் அத்தகைய முனைவு கிட்டத்தட்ட இல்லை. வேலி கட்ட ஆளில்லாத இடத்தில் எலெக்ட்ரான் தன் போக்கில் விடப்படுகிறது; சுவையான செய்திகள் இங்கேதான் தொடங்குகின்றன.

எலெக்ட்ரானை எப்படி உள்ளே விடுவது? பிடுங்கி எடுப்பதே எளிய வழி. எக்ஸ் கதிரோ அதிவேகத் துகளோ திரவத்தின் வழியே பாய்ந்தால் தன் பாதையில் உள்ள மூலக்கூறுகளிலிருந்து எலெக்ட்ரான்களை உதறிச் செல்லும். 100 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவானால் ஏறத்தாழ நான்கு எலெக்ட்ரான்கள் பிரியும். ஆய்வுக்கூடம் இல்லாமலும் இது நடக்கிறது. வானிலிருந்து விழும் மியூவான் துகள்கள் கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்று வீதம் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. நம் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் எண்ணெயும் அதற்கு விலக்கன்று.

பிரிந்த எலெக்ட்ரான் உடனே விடுதலை பெற்றுவிடுவதில்லை. அது விட்டுவந்த மூலக்கூறு இப்போது நேர்மின் அயனி. பின்னாலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈர்ப்பாற்றலும் வெப்ப ஆற்றலும் சமமாகும் தொலைவு எதுவோ அதுவே எல்லை என்று 1938இல் லார்ஸ் ஆன்சாகர் கணக்கிட்டார். எல்லையைத் தாண்டி ஓய்ந்த எலெக்ட்ரான் பெரும்பாலும் தப்பும். உள்ளே ஓய்ந்தது பெரும்பாலும் திரும்பிப் போகும். நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80 ஆதலால் அங்கே இந்த எல்லை 7 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே. ஹெக்சேனில் அம்மாறிலி 2ஐக்கூட எட்டாது. எல்லை ஏறத்தாழ 300 ஆங்ஸ்ட்ராம் ஆகிவிடுகிறது. (மாணவர்கள் கூலும் விதியையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் வைத்துத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம், அரைப்பக்கம்கூட ஆகாது.) அதனால் ஹெக்சேனில் பிரியும் எலெக்ட்ரான்கள் நூற்றில் மூன்று அளவே தப்புகின்றன.

தப்பிய மூன்றுக்கு என்ன நேர்கிறது? 1969-70ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் புருக்ஹேவன் ஆய்வகத்தில் ஷ்மிட், ஆலன் என்னும் இருவர் இதனை அளந்தனர். முறை எளியது. இரண்டு இணைத் தகடுகள், நடுவில் மிகத் தூய திரவம், தகடுகளுக்கிடையே மின்னழுத்தம். ஒரு கணம் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி நிறுத்திவிட்டு, மின்னோட்டம் ஓய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. நேரம் தெரிந்தால் வேகம் தெரியும். 1 செ.மீ.க்கு 1 வோல்ட் என்னும் மின்புலத்தில் நொடிக்கு எத்தனை செ.மீ. நகர்கிறதோ அதுவே இயக்க எண்.

இப்போது பென்டேனை எடுத்துக்கொள்வோம். ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன். இவற்றை மூன்று வகையாக அடுக்கலாம் என்பதை முதலாண்டு வேதியியலிலேயே படித்திருப்பீர்கள். ஐந்து கார்பனும் ஒரே சங்கிலியாக நின்றால் நேர் பென்டேன். ஒரு கிளை விட்டால் ஐசோபென்டேன். நடுவில் ஒரு கார்பனும் சுற்றிலும் நான்குமாக அமைந்தால் நியோபென்டேன். எடை ஒன்று, சூத்திரம் ஒன்று. மாற்றியம் என்றால் கொதிநிலை சற்று மாறும், அவ்வளவுதானே என்று நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். இயக்க எண்ணைப் பாருங்கள். நேர் பென்டேனில் ஏறத்தாழ 0.15. ஐசோபென்டேனில் ஏறத்தாழ 0.9. நியோபென்டேனில் ஏறத்தாழ 68.

எண்ணாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. 1 செ.மீ.க்கு 1,000 வோல்ட் கொடுத்தால் நேர் பென்டேனில் எலெக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஒன்றரை மீட்டர். வயல் வரப்பில் சற்று விரைந்து நடப்பவரின் வேகம். நியோபென்டேனில் நொடிக்கு 680 மீட்டர். காற்றில் ஒலி செல்வதைப் போல் இரு மடங்கு. தேனியிலிருந்து கம்பம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். முதலாமவர் காலையில் புறப்பட்டால் போய்ச்சேர ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாமவர் ஒரே நிமிடத்தில் கம்பத்தில் இருப்பார். இத்தனைக்கும் இருவரும் கடந்தது ஒரே ஐந்து கார்பனையும் பன்னிரண்டு ஹைட்ரஜனையும்தான்! நான் படித்த அறிவியல் செய்திகளில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தவற்றுள் இதுவும் ஒன்று. பெட்ரோலின் தரத்தை அளக்க ஆக்டேன் எண் 100 என்று வைத்துக்கொள்ளும் ஐசோஆக்டேனிலும் இதே கதைதான்: கிளைகள் நிறைந்த அதில் இயக்க எண் 5க்கு மேல்; சங்கிலியான நேர் ஆக்டேனிலோ நூற்றில் நான்கு பங்கு.

காரணம் மூலக்கூறின் வடிவம். எலெக்ட்ரானை ஒரு சிறு குண்டாக நினைத்தால் இது விளங்காது. பல மூலக்கூறுகளின்மேல் ஒரே நேரத்தில் பரவிய அலையாக நினைக்க வேண்டும். நியோபென்டேன் மூலக்கூறு பந்து போன்றது. எந்தப் பக்கம் உருண்டாலும் எலெக்ட்ரானுக்கு அது ஒரே முகத்தைத்தான் காட்டும். திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் புரண்டாலும் அலையின் பாதை பெரிதும் குலைவதில்லை. சங்கிலி மூலக்கூறு அப்படியன்று. நீளவாட்டில் அதன் மின்முகில் எளிதில் இழுபடும்; குறுக்குவாட்டில் அவ்வளவு இழுபடாது. குச்சிகள் தாறுமாறாகக் கிடக்கும் குவியலில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி. எங்கோ ஓரிடத்தில் ஆற்றல் சற்றுத் தாழ்ந்த பள்ளம் அமைகிறது. பரவி நின்ற அலை அதில் சுருங்கி அகப்பட்டுக்கொள்கிறது. வெற்றிடத்திலிருந்து திரவத்துக்குள் புகும் எலெக்ட்ரானின் ஆற்றலை அளந்தாலும் இவ்வேறுபாடு தெரிகிறது. நியோபென்டேனில் அது 0.4 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் தாழ்கிறது. ஹெக்சேனில் ஏறத்தாழ சுழி. முன்னது வரவேற்கிறது, பின்னது பொறுத்துக்கொள்கிறது.

ஹெக்சேனில் எலெக்ட்ரான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளத்திலேயே கழிக்கிறது. வெப்ப அசைவு எப்போதாவது தூக்கிவிடும்போது சிறிது ஓடி மறுபடி விழுகிறது. தூக்கிவிட வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 0.2 எலெக்ட்ரான் வோல்ட். ஆகவே வெப்பம் ஏறினால் ஹெக்சேனில் எலெக்ட்ரான் விரைவாகும். அறை வெப்பநிலையில் 10 டிகிரி ஏறினால் கால் பங்குக்குச் சற்று மேல் கூடும் என்று கணக்கு வருகிறது. செம்பில் நடப்பதற்கு இது நேர்மாறு என்பதைக் கவனியுங்கள்.

இவை யாவும் மிகத் தூய திரவத்தின் கதை. தூய்மை என்பது இங்கே சாதாரணச் சொல்லன்று. காற்றுப்பட்ட ஹெக்சேனில் சிறிது ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆக்சிஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைக் கண்டால் விடாது. சில நானோநொடிகளில், அதாவது நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில், பிடித்துவிடும். அந்நேரத்துக்குள் மேற்சொன்ன மின்புலம் எலெக்ட்ரானைச் சில மூலக்கூறு நீளமே இழுத்திருக்கும். பிடிபட்டபின் நகர்வது எலெக்ட்ரானன்று, அயனி. அதன் இயக்க எண் ஹெக்சேனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆய்வாளர்கள் திரவத்தைத் திரும்பத் திரும்ப வடித்தும் உறிஞ்சிகளின் வழியே செலுத்தியும், ஆக்சிஜனை நூறு கோடியில் சில பங்கு என்னும் அளவுக்கு விரட்டிய பிறகே மேற்சொன்ன அளவுகள் கிடைத்தன. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1980களில் ஒரு துகள் உணர்கருவிக்கு டெட்ராமெத்தில் பென்டேன் என்னும் கிளைத்த திரவத்தைத் தேர்ந்தெடுத்தனர். பந்து வடிவை நெருங்கிய மூலக்கூறு; அறை வெப்பநிலையிலேயே திரவம். அங்கும் பெரும்பாடு தூய்மையைக் காப்பதிலேதான்.

டிரான்ஸ்பார்மருக்கு வருவோம். அதற்கு வேண்டியது செர்னுக்கு வேண்டியதன் மறுதலை. எலெக்ட்ரான் எங்கும் போகக்கூடாது. அதில் உள்ள எண்ணெய் சங்கிலி மூலக்கூறு, வளைய மூலக்கூறு, பென்சீன் வளையமுள்ளவை எனப் பலவும் கலந்தது. காற்றின் ஆக்சிஜனும் கரைந்திருக்கும். தப்பிய எலெக்ட்ரானுக்கு அங்கே நெடுவாழ்வு இல்லை. அப்படியானால் அழுக்கெண்ணெயே நல்ல காப்பு என்று முடிவு கட்டலாமா? கூடாது. என் உறவினர் தோட்டத்துக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் ஒரு சித்திரையில் பழுதாகி ஒன்பது நாள் தண்ணீர் இறைக்க முடியாமல் திராட்சைப் பந்தல் வாடியது. அதற்குப் பிறகு ஒருநாள், மாற்று டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் மாதிரி எடுக்க வந்த ஊழியர் ஒருவரின் வேலையை அருகிலிருந்து பார்த்தேன். அடிக்குழாயைத் திறந்து முதலில் வந்த எண்ணெயைக் கீழே விட்டார். பிறகு அதே எண்ணெயால் கண்ணாடிக் குப்பியை அலசி ஊற்றிவிட்டு, அதன் பின்னரே மாதிரி பிடித்தார். "ஏண்ணே, கையில் துணி இருக்கே, துடைச்சுட்டுப் பிடிக்கலாமே?" என்றேன். "துணியே ஆகாது சார். ஒரு பிசிறு விழுந்தாலும் சோதனையில் எண்ணெய் கெட்டதுன்னு வந்துரும். தண்ணி அடியில் நிக்கும், அதனாலதான் அடிக்குழாய்" என்றார். பாடநூலில் ஓர் அத்தியாயம் எடுத்துச் சொல்வதை இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

ஈரம் உறிஞ்சிய நார் எண்ணெயைவிட எளிதில் மின்முனைவு கொள்ளும். மின்புலம் வலுவான இடத்துக்கு இழுபட்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை நின்று இரு முனைகளுக்கிடையே பாலம் கட்டும். இந்தியத் தரப்படி புது எண்ணெய் 2.5 மி.மீ. இடைவெளியில் 30,000 வோல்ட்டாவது தாங்கவேண்டும். வடிகட்டி உலர்த்தினால் அதே எண்ணெய் இரு மடங்கு தாங்கும். டிரான்ஸ்பார்மர் சூடேறி ஆறும்போது மூச்சுவிடும். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சவே சிலிக்கா ஜெல் குப்பி. நீலமாக இருந்தால் உலர்ந்தது. இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறியது. ஆனியாடிச் சாரலில் நம் பள்ளத்தாக்கின் குப்பிகள் எவ்வளவு விரைவில் சிவக்கின்றன என்பதைக் கூடலூர்ப் பக்கத்து மாணவர்கள் கவனித்துச் சொல்லலாம்.

பாலம் இல்லாத தூய எண்ணெயும் ஓர் எல்லைக்குமேல் தாங்காது. கூர்முனை அருகே மின்புலம் மிகும்போது எண்ணெய் ஆவியாகிக் குமிழி தோன்றும். திரவத்தில் அடிக்கு ஒரு மூலக்கூறில் மோதி ஆற்றலை இழந்த எலெக்ட்ரான், வாயுவுக்குள் தடையின்றி ஓடி ஆற்றல் சேர்த்து அடுத்த மூலக்கூறை உடைக்கும்; ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மின்பொறி மரக்கிளைபோல் முன்னேறும். எலெக்ட்ரானைப் பிடிக்கும் பொருளைச் சேர்த்தால் இது அடங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். 1980களின் தொடக்கத்தில் வெளியான சோதனைகளோ, எதிர்மின் முனையிலிருந்து கிளம்பும் கிளை அத்தகைய பொருளைச் சேர்த்தால் விரைவாகிறது என்று காட்டின. பிடிபட்ட எலெக்ட்ரான்கள் பரவாமல் ஒரு சிறு இடத்தில் குவிந்து, நுனியின் மின்புலத்தைக் கூர்மையாக்குகின்றன என்பது விளக்கம். பிடித்து வைத்தால் அடங்கிவிடும் என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

இறுதியாக, திரும்பிப்போன தொண்ணூற்றேழு எலெக்ட்ரான்களைப் பற்றி. நியூட்ரினோ என்ற சொல்லுக்கு நம் மாவட்டத்தில் அறிமுகம் தேவையில்லை. பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. 2022இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் மறுப்புத் தெரிவித்தது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. மேற்சொன்ன மியூவான் மழையைத் தடுக்கவே அவர்கள் ஒரு கிலோமீட்டர்ப் பாறையைக் கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அங்கே திட்டமிட்டது 50,000 டன் இரும்பும் இடையிடையே வாயு நிரம்பிய கண்ணாடி அறைகளும். சீனாவில் 2025இல் ஆய்வைத் தொடங்கிய ஜூனோ நிலையமோ 20,000 டன் திரவ ஹைட்ரோகார்பனை நம்புகிறது. நேர் ஆல்கைல் பென்சீன் என்னும் அத்திரவம் சலவைத்தூளுக்கு மூலப்பொருள். சென்னை மணலியிலும் தயாராவது. அதில் துகள் பாயும்போது எலெக்ட்ரான்கள் பிரிகின்றன. ஆன்சாகர் எல்லையைத் தாண்ட முடியாமல் பெரும்பாலானவை தம் அயனிக்கே திரும்புகின்றன. திரும்பிச் சேரும்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பென்சீன் வளையம் வாங்கி, அத்திரவத்தில் சிறிதளவு கரைத்து வைத்த ஒளிர்பொருளுக்குக் கைமாற்ற, அது நீல ஒளியாக வெளிவருகிறது. அந்த ஒளியைத்தான் எண்ணுகிறார்கள். ஹெக்சேனில் வளையம் இல்லை. அங்கே திரும்பிய எலெக்ட்ரானின் ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகவும், கார்பன் ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைப்பதிலும் தீர்கிறது. உடைந்த பிணைப்பிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு. பெரிய டிரான்ஸ்பார்மர்களின் எண்ணெயை எடுத்து அதில் கரைந்த ஹைட்ரஜனையும் அசெட்டிலீனையும் அளந்து, உள்ளே மெல்லிய மின்கசிவா, பெரும்பொறியா என்று கண்டுபிடிப்பதும் பிணைப்புகள் இவ்வாறு உடைவதை வைத்தே.